சத்தம் போடாத மோட்டார்

ஆல்டர் லேக், மினசோட்டா
செப்டம்பர் 14, 2016

அன்புள்ள அண்ணன் வெர்லினுக்கு ஆர்டிஸ் எழுதுவது.

வலது முழங்காலைத் தவிர இங்கே நான் சௌக்கியம். யூமாவில் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா? சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? போன ஞாயிறு உனக்குப் போன் செய்தேன். "யாரு? யாரு பேசுறது?" என்று மூன்று முறை கத்திவிட்டு வைத்துவிட்டாய். முப்பத்தெட்டு வருஷம் கராஜ் கதவு மாட்டிய காது. அதைக் குறை சொல்லி என்ன? இனிமேல் நமக்குள் கடிதம்தான்.

ஒரு விஷயத்தில் உன் யோசனை வேண்டும். கராஜ் கதவுக்கு மோட்டார் வைக்கலாம் என்றிருக்கிறேன். மார்ச் மாதம் பழைய மரக்கதவு உன் மச்சான் லோவெல் மேல் விழுந்ததற்குப் பிறகு, சர்ச்சுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஜூனில் ஒரு இரும்புக் கதவு போட்டுக் கொடுத்தார்கள். நல்ல கதவு. முன்பிருந்ததில் பாதி எடைகூட இல்லை. ஆனால் கையால்தான் தூக்க வேண்டும். இடுப்பு வரைக்கும் தூக்குகிறேன், அதற்கு மேல் கை வரமாட்டேன் என்கிறது. வலி எல்லாம் இல்லை. தூக்கிவிட்டாலும் அடியில் நுழைய முடியவில்லை. காரை வெளியிலேயே நிறுத்துகிறேன்.

கிறிஸ்துமஸுக்குள் லோவெலை வீட்டுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். முன்வாசலில் ஐந்து படி இருக்கிறது. கராஜ் வழியாக வந்தால் ஒரு படிகூட இல்லை, நேரே தையல் அறை. அங்கேதான் அவர் கட்டிலைப் போடப்போகிறேன். பராமரிப்பு இல்லத்து வேன் கராஜுக்குள்ளேயே வந்து நின்றுவிட்டால், சக்கர நாற்காலியைப் பனியில் இறக்க வேண்டியதில்லை.

கடைக்கார டுவேன் மூன்று படப்புத்தகம் கொடுத்தார். "அக்கா, இது செயின், இது பெல்ட், இது சுவத்துல மாட்டுறது. எதை வச்சாலும் கதவு தொறக்கும்" என்கிறார். எதை வைத்தாலும் திறக்கும் என்றால் எதற்கு மூன்று விதம்? எனக்கு வேண்டியது ஒன்றுதான். சத்தம் கூடாது. பக்கத்து அறையில் ஒரு தட்டு விழுந்தால்கூட லோவெலுக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகிறார். இடது கை மட்டும்தான் போகிறது.

நீ இந்தத் தொழிலிலேயே பிழைத்தவன். எது நல்லது என்று எழுது.

அன்புத் தங்கை,
ஆர்டிஸ்


யூமா, அரிசோனா
செப்டம்பர் 25

தங்கை ஆர்டிஸுக்கு அண்ணன் வெர்லின்.

கடிதம் வந்தது. வெயில் நூற்றைந்து. சர்க்கரை தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். மார்ச்சிலிருந்து குடிக்கவில்லை. பெருமைக்கு எழுதவில்லை, எப்படியும் கேட்பாய் என்று எழுதுகிறேன். முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு.

செயின் வேண்டவே வேண்டாம். உழைக்கும், ஆனால் சைக்கிளை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி சத்தம் போடும். பெல்ட் ரப்பரால் ஆனது, மெத்தென்று ஓடும். முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதும். உனக்குப் போதாது. பெல்ட் வைத்தால் மோட்டார் கராஜின் உத்தரத்தில் தொங்கும். உன் தையல் அறைச் சுவர் அதே உத்தரத்தில்தான் வந்து சேர்கிறது. அதிர்வு நேராகக் கட்டிலுக்கு வரும்.

சுவரில் மாட்டுவதை வாங்கு. கதவுக்கு மேலே குறுக்கே ஒரு இரும்புத் தண்டு போகிறதல்லவா, அதன் முனையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு தண்டையே சுழற்றும். உத்தரத்தை அது தொடாது. சமையலறையில் இருக்கிறவர்களுக்குக் கதவு திறந்ததே தெரியாது. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அடி சுவர் காலியாக இருக்க வேண்டும். அளந்து எழுது. அந்தப் பக்கம் லோவெல் மீன்பிடிக் கம்புகளை அடுக்கியிருந்தான் என்று ஞாபகம்.

டுவேன் மோட்டாரின் சக்தியை அரைக் குதிரை, முக்கால் குதிரை என்று சந்தையில் நிற்கிறவன் மாதிரி பேசுவான். காதில் வாங்காதே. ஒற்றைக் கதவுக்கு எதுவும் போதும். பேட்டரி உள்ளதாகக் கேள். பனிப்புயலில் மின்சாரம் போனால் லோவெல் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது.

லோவெலைக் கேட்டதாகச் சொல்.

வெர்லின்


ஆல்டர் லேக்
அக்டோபர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ குடிப்பதை விட்டதைப் படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அம்மா இருந்திருந்தால் ஊர் பூராவும் சொல்லியிருப்பாள். நானும் சொல்லிவிட்டேன், தபால்காரரிடம். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் பரவாயில்லை. இங்கே ஏரி ஓரத்தில் பனிக்கட்டி கட்ட ஆரம்பித்துவிட்டது.

சுவரை அளந்தேன். மீன்பிடிக் கம்புகளை எடுத்தால் பதினான்கு அங்குலம் இருக்கிறது. எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் அவருடைய கட்டிலில் நீளமாகப் படுக்க வைத்திருக்கிறேன்.

படப்புத்தகங்களை இல்லத்துக்குக் கொண்டுபோனேன். "லோவெல், கராஜுக்கு மோட்டார் வாங்கப்போறேன். எதுங்க வேணும்? இதுவா, இல்ல இதுவா?" என்று ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். பெல்ட் மோட்டார் பக்கத்தில் ஒரு வீட்டுப் படம் இருக்கிறது. அவர் இடது கை விரலை அதன்மேல் வைத்தார். "வீடு" என்றார். தெளிவாகச் சொன்னார் அண்ணா. விபத்துக்குப் பிறகு அவர் சொன்ன ஏழாவது வார்த்தை. நான் எண்ணிக்கொண்டு வருகிறேன்.

அவரை மேற்குப் பக்க அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அமைதியான பக்கம், ஜன்னலில் ஏரி தெரிகிறது. நர்ஸ் லினே என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள். "ஆர்டிஸ், ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசுவோமா?" என்றாள். "இன்னொரு நாள் பேசலாம்மா, கடையை மூடிருவான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நல்ல பெண்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும். இந்த மோட்டார்களில், பழைய கதவில் ஆன மாதிரி ஸ்பிரிங் அறுந்துபோனாலும் கதவைத் தாங்கிப் பிடிக்கிறது எது? விலை எவ்வளவு ஆனாலும் சரி, அதை வாங்கிவிடுகிறேன்.

இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

ஆர்டிஸ்


யூமா
நவம்பர் 2

ஆர்டிஸ்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கைவலி. மற்றபடி சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: அப்படி ஒரு மோட்டார் கிடையாது. கதவின் எடையைத் தாங்குவது மோட்டார் அல்ல, ஸ்பிரிங். மோட்டார் மேலே போ, கீழே வா என்று தள்ளுகிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் ஒரு விரலால் கதவைத் தூக்கலாம். அது போய்விட்டால் எந்தக் குதிரையாலும் முடியாது.

உன் புதுக் கதவில் இருப்பது தண்டில் சுற்றிய ஸ்பிரிங். பழையது மாதிரி பக்கவாட்டில் இழுத்துக் கட்டியது அல்ல. அறுந்தாலும் தண்டோடு நின்றுவிடும், பறக்காது. சுவர் மோட்டாரும் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பயப்படாதே.

சுவரில் மாட்டுவதையே வை. பதினான்கு அங்குலம் தாராளம்.

வேனுக்குத் தேதி குறித்துவிட்டாயா?

வெர்லின்


ஆல்டர் லேக்
நவம்பர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

கைக்கு என்ன? மூட்டு வலியா, விழுந்தாயா? வழக்கமாக நான்கு பக்கம் எழுதுகிறவன் அரைப்பக்கத்தில் முடித்துவிட்டாய். இங்கே எனக்கு ஒரு சளி வந்து போனது.

மோட்டார் வைத்தாயிற்று! செவ்வாய்க்கிழமை டுவேனே வந்து மாட்டினார். நீ சொன்ன மாதிரியேதான், பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் தையல் அறையில் போய் லோவெலின் கட்டிலில், தலையணையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன். "இப்ப அழுத்துங்க டுவேன்" என்று கத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. "எப்ப அழுத்தப்போறீங்க?" என்றேன். "அக்கா, மூணு தடவை தொறந்து மூடிட்டேன்" என்றார்.

காபி குடிக்கும்போது டுவேன் ஒன்று கேட்டார். "மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்குக்கா. போன வருஷம் செப்டம்பர்ல லோவெல் அண்ணன் எனக்குப் போன் பண்ணி ஸ்பிரிங் மாத்தணும், வந்து பாருன்னாரு. திங்கக்கிழமை வரேன்னேன். திங்கக்கிழமை காலைல போன் பண்ணி, வேணாம், ஆள் பார்த்தாச்சு, நல்லா இருக்காம்னுட்டாரு. யாருக்கா பார்த்தது?"

ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இனி அதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். நீ எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

தினமும் காரை உள்ளே கொண்டுபோய் வெளியே எடுத்துப் பழகுகிறேன். மூடும்போது மட்டும் இன்னும் பார்க்க மாட்டேன், வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். வேன் டிசம்பர் 19, திங்கள், காலை பத்து மணி.

நன்றி செலுத்தும் நாளன்று தனியாக இருக்காதே. பக்கத்து டிரெய்லர்க்காரர்களோடாவது சாப்பிடு.

ஆர்டிஸ்


ஆல்டர் லேக்
டிசம்பர் 22

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரியாவது போடு.

வேன் வரவில்லை.

நான் ஒன்பது மணிக்கே கதவைத் திறந்து வைத்துவிட்டேன். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. கராஜுக்கு வரும் கார்ப் பாதையில் உப்புத் தூவி, தையல் அறையில் ஹீட்டர் போட்டு, அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு லெஃப்சே ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். பதினொன்றரைக்கு லினேதான் தன் சொந்தக் காரில் வந்தாள். திறந்த கராஜுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆர்டிஸ், வேன் வராதும்மா. நான்தான் போன வாரமே உங்ககிட்ட சொன்னேனே."

"ஞாயித்துக்கிழமை கொஞ்சம் நல்லா இருந்தாரே. ரெண்டு ஸ்பூன் சூப் குடிச்சாரே."

"டாக்டர் ஆகஸ்ட்லயே சொன்னாருல்ல? நீங்க கையெழுத்துப் போட்டீங்கல்ல?"

போட்டேன் அண்ணா. உன்னிடம் மறைத்துவிட்டேன். மூளையில் இரத்தம் கட்டியிருக்கிறது, இனி நல்லபடியாகாது, வீட்டுக்கு அனுப்ப முடியாது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று ஆகஸ்ட் மூன்றாம் தேதியே சொல்லிவிட்டார்கள். மேற்குப் பக்கம் என்பது அதற்கான பக்கம். அன்றைக்கு அங்கிருந்து வரும் வழியில்தான் டுவேன் கடைக்குள் நுழைந்தேன். ஏன் நுழைந்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் "எது வேணும்க்கா?" என்று கேட்டார். அவ்வளவு நாளாக என்னை யாரும் எது வேண்டும் என்று கேட்டதே இல்லை. இதில் கையெழுத்துப் போடுங்கள், அதில் கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செயினா பெல்ட்டா என்று யோசிக்கிற வரைக்கும் அவர் வரப்போகிறார் என்று இருந்தது. உன் ஒவ்வொரு கடிதத்தையும் அவரிடம் படித்துக் காட்டினேன். நீ மெனக்கெட்டு எழுதினாய். உன்னை ஏமாற்றிவிட்டேன். மன்னித்துக்கொள்.

லினே லெஃப்சேயைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவரால் விழுங்க முடியாது, அவளுக்கும் தெரியும்.

பண்டிகைக்கு வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்டிஸ்


யூமா
ஜனவரி 5, 2017

ஆர்டிஸ்,

நலம் விசாரித்துத் தொடங்க இந்தத் தடவை எனக்கு யோக்கியதை இல்லை. நீ மன்னிப்புக் கேட்டதைப் படித்துவிட்டு நான்கு நாளாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் வலி எதுவும் கிடையாது. அதுவும் பொய்.

ஸ்பிரிங்கைப் பார்த்தது நான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துத்தான் டுவேனிடம் ஞாபகம் இல்லை என்றாய். நான் தப்பாகப் பார்க்கவில்லை.

டுவேன் வருவதாகச் சொன்ன திங்களுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டார் எல்லாரும் உன் வீட்டுக் கொல்லையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லோவெல் வந்து என் கையிலிருந்த கிளாஸை வாங்கிப் புல்லில் ஊற்றினான். "போதும் வெர்லின். என் வீட்ல இது போதும்" என்றான். யாரோ சிரித்தார்கள். அரைமணி கழித்துச் சமாதானமாகத் தோளில் கைபோட்டு என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனான். "இந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் பாருப்பா. டுவேனை வரச் சொல்லியிருக்கேன். ஆனா நீ பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி."

பார்த்தேன். இடது பக்க ஸ்பிரிங்கின் கொக்கி வாய் திறந்து, ஒரு நூலில் நின்றது. உள்ளே பாதுகாப்புக் கம்பி போடவே இல்லை. அது அடுத்த குளிர்காலத்தைத் தாண்டாது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. என் வண்டியில் புது ஸ்பிரிங் ஜோடி இருந்தது. கம்பியும் இருந்தது. அரைமணி வேலை.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றேன்.

அவன் மேல் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. ஒரு நாள் பனியில் கதவு மாட்டிக்கொள்ளட்டும், காரை எடுக்க முடியாமல் நிற்கட்டும், என்னைக் கூப்பிடட்டும், அப்போது "யாருக்குப் போதும்?" என்று கேட்கலாம் என்று நினைத்தேன். இவ்வளவு சின்ன விஷயம். முப்பத்தெட்டு வருஷம் யாருடைய கதவுக்கும் நான் பொய் சொன்னதில்லை.

மறுநாள் ஊருக்குத் திரும்பும் வழியில், ஃபார்கோ தாண்டும்போது போன் செய்து சொல்லிவிடலாம் என்று வண்டியை ஓரம் கட்டினேன். சொன்னால் என் மரியாதை போய்விடும் என்று தோன்றியது. காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மார்ச்சில் உன் போன் வந்தது. அன்றைக்குப் பாட்டிலைக் கீழே வைத்தவன்தான்.

இதை உன்னிடம் சொல்லாமல் செத்துப்போய்விட வேண்டும் என்றுதான் இருந்தேன். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாய்.

வெர்லின்


ஆல்டர் லேக்
ஜனவரி 7

அன்புள்ள அண்ணா,

லோவெல் நேற்று காலை ஆறேகால் மணிக்குப் போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். கஷ்டப்படவில்லை. உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கிறவர்களின் வண்டி விளக்குகள் ஜன்னலில் தெரிந்தன. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு பார்க்கவில்லை.

பூமி உறைந்து கிடப்பதால் இப்போது சர்ச்சில் பிரார்த்தனை மட்டும். அடக்கம் மே மாதம்தான், மண் இளகிய பிறகு. இந்தக் குளிரில் வண்டி ஓட்டிக்கொண்டு வராதே. மேயில் வா. உன்னைத் தவிர எனக்கு இனி யார் இருக்கிறார்கள்? வந்தால் ஒரு மாதமாவது இரு. தையல் அறை தயாராகத்தான் இருக்கிறது.

கடைசி வாரத்தில் அவரிடம், "நம்ம மோட்டாரை வெர்லின்தான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தான்" என்று சொன்னேன். வாய் ஓரம் அசைந்தது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நீயும் சாப்பிடாமல் கிடக்காதே.

ஆர்டிஸ்


யூமா
ஜனவரி 17

ஆர்டிஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ ஏழாம் தேதி எழுதியிருக்கிறாய். என்னுடையது ஐந்தாம் தேதி போட்டது. அது கைக்கு வருவதற்கு முன் இதை எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது.

வழியில் எங்காவது அது தொலைந்துபோயிருந்தால், அப்படியே போகட்டும். கிடைத்து, இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தால், பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடு. அப்படிக் கேட்பதற்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லோவெல் நல்ல மனிதன். அதை அவன் உயிரோடு இருக்கும்போது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

வெர்லின்


ஆல்டர் லேக்
ஏப்ரல் 29

வெர்லினுக்கு,

உன் கடிதம் ஜனவரி 10ஆம் தேதி வந்தது. பிரார்த்தனைக்குக் கிளம்பி, கையுறை போட்டுக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிரித்தேன். வரப்போவதாக எழுதியிருப்பாய் என்று நினைத்தேன்.

மூன்று மாதமாகப் பதில் எழுத உட்காருகிறேன். நீ தப்பாகப் பார்த்துவிட்டாய் என்று நான் நினைத்திருந்த வரைக்கும் எனக்குப் பாரமே இல்லை. குடித்திருந்தாய், கண் தவறிவிட்டது, மனிதன்தானே. அதை உனக்குத் தெரியாமலேயே நான் சாகும்வரை வைத்திருந்திருப்பேன். அதை வைத்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நீ எழுதியதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லாரும் போன பிறகு லோவெல் பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னதை உனக்குச் சொல்ல வேண்டும். "உங்க அண்ணன் என்மேல கோவமாத்தான் இருந்தான். இருந்தாலும் ஸ்பிரிங்கைப் பார்த்துச் சொன்னான் பாரு. அதுதான் அவன். நாளைக்கு டுவேனை வர வேணாம்னு சொல்லிடுறேன்." அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தக் கதவுக்கு அடியில் நின்று பனி வாருகிற மண்வெட்டியை மாட்டுவார், கழற்றுவார், மேலே நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நானும்தான் நின்றேன். அதை நீ யோசித்தாயா? அந்தக் கதவுக்குக் கீழே உன் தங்கையும் தினமும் போய் வந்தாள்.

உன்னை வெறுக்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அதற்கும் என்னிடம் தெம்பு இல்லை. காலையில் எழுந்தால் யாரையும் பார்க்க வேண்டாம் போல் இருக்கிறது.

அடக்கம் மே 11, வியாழன், பதினொரு மணி, ஏரிக்கரைக் கல்லறை. நீ வருவதை நான் தடுக்க மாட்டேன். லோவெல் இருந்திருந்தால் உன்னை வரச் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வராதே.

ஆர்டிஸ்


ஆல்டர் லேக், நெடுஞ்சாலை ஓர விடுதி
மே 12, 2017

ஆர்டிஸ்,

வந்திருந்தேன். வேலிக்கு வெளியே நின்றேன். நீ மெலிந்துவிட்டாய். பாதிரியார் முடித்த பிறகு நீ முதல் பிடி மண்ணைப் போட்டதைப் பார்த்தேன். எல்லாரும் போன பிறகு நானும் ஒரு பிடி போட்டேன். மச்சான் என்று கூப்பிட்டேன். முப்பது வருஷத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

வீட்டுக்கு வராதே என்று எழுதியிருந்தாய். வந்துவிட்டேன். உன்னிடம் பேசுவதற்காக இல்லை. கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். டுவேன் சரியாக மாட்டியிருக்கிறானா என்று யாராவது பார்க்க வேண்டுமே. எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தினேன். உன் கார் வந்தது. கதவு மேலே போனது, நீ உள்ளே போனாய், கதவு இறங்கியது. ஆனால் உன் காரின் பின்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, கதவின் சின்ன ஜன்னலில் சிவப்பாகத் தெரிந்தது. ஐந்து நிமிஷம் ஆகியும் அணையவில்லை. மூடிய கராஜுக்குள் இன்ஜின் ஓடினால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருந்தவனுக்குத் தெரியும்.

ஓடி வந்து தட்டியது நான்தான். உனக்குத் தெரிந்திருக்கும். கதவில் கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, விளக்கை மட்டும் அணைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாய். எனக்கு உயிர் வந்தது. அங்கேயே முட்டி போட்டுவிட்டேன்.

அப்போது கதவு ஒரு அடி மேலே வந்து நின்றது. உன் கறுப்புக் காலணி தெரிந்தது. கல்லறை மண் ஒட்டியிருந்தது. நீ குனியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாய் என்று தெரியாது. பிறகு கதவு இறங்க ஆரம்பித்தது.

அந்த மோட்டாரில், கதவு இறங்கும்போது குறுக்கே ஒரு விரலை நீட்டினாலும் போதும், உடனே நின்று முழுக்க மேலே திறந்துவிடும். நான் உனக்கு எழுதியதில்லை, டுவேன் சொல்லியிருப்பான். என் கை தரையில்தான் இருந்தது, கதவுக்கு நான்கு அங்குலம் தள்ளி. கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

கதவு ஓரம் முழுக்கத் தரையில் சமமாக உட்காருகிறது. நல்ல வேலை.

மத்தியானம் கிளம்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்லின்